முந்திரிக்கொட்டை எழுதிய வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பிறர் எழுதிய நிரலில் ஒரு அரைப்புள்ளி இடம் மாறிக் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் யாரோ வைத்த பெயர். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். அதனால்தான் மேனேஜர் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவள் தலையில் கட்டினார்.

"அஞ்சு டூல் இருக்கு. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். மூணு, நாம எழுதுற புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கும். ரெண்டு, நாம பாதி எழுதும்போதே மிச்ச வரிய அதுவே முடிச்சுக் கொடுக்கும். எதை எதோட ஜோடி சேர்த்தா நம்ம ஆளுங்களுக்கு நல்லதுன்னு ரெண்டு வாரத்துல ஒரு ரிப்போர்ட் குடு."

"நல்லாப் பார்க்கணும்னா ரெண்டு வாரம் பத்தாது சார்."

"நல்லாவெல்லாம் பார்க்க வேண்டாம்மா. பார்த்தா போதும்."

அவர்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கான கண்காணிப்புத் திரைகளைச் செய்தது. நோயாளியின் விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டினால் போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அது கம்பியில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வார்டின் நடுவில் நர்ஸ் மேசைமேல் இருக்கும் பெரிய திரையில் பன்னிரண்டு படுக்கைகளின் எண்களும் வரிசையாகத் தெரியும். எண் இறங்கினால் திரை அலறும். அவள் மூன்றாம் மாடியில், எல்லாருடைய நிரலையும் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். அவள் கணவன் நான்காம் மாடியில், அந்தப் பெரிய திரைக்கான நிரலை எழுதும் குழுவில் இருந்தான். மதியம் இருவரும் மாடிப்படிப் பக்கத்து ஜன்னலோரம் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

ஐந்து கருவிகளுக்கும் முதல் நாளே அவள் பெயர் வைத்துவிட்டாள். எதை எழுதினாலும் சிவப்புக் கோடு போட்டு நொட்டை சொன்ன முதல் கருவி மாமியார். எழுத்து அழகாக இருக்கிறதா, இடைவெளி ஒழுங்காக விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்த இரண்டாவது வாத்தியார். எதைக் காட்டினாலும் கண்ணை மூடி ஆசீர்வாதம் செய்த மூன்றாவது சாமியார். வரியை முடித்துத் தரும் இரண்டில் ஒன்று யோசித்து யோசித்து, நாமே எழுதி முடித்த பிறகு வந்து நிற்கும். அதற்கு அசமந்தம் என்று வைத்தாள். இன்னொன்று முதல் இரண்டு எழுத்தைத் தட்டுவதற்குள் முழு வரியையும் சாம்பல் நிறத்தில் நீட்டிவிடும். பிடித்திருந்தால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், வரி நம்முடையதாகிவிடும். அதற்கு முந்திரிக்கொட்டையைத் தவிர வேறு என்ன பெயர் பொருந்தும்?

"நம்ம வீட்டு ஆளுங்க லிஸ்ட் மாதிரியே இருக்கே," என்று கணவன் சிரித்தான்.

"சாமியார் மட்டும் நீ. எதுக்கும் வாயத் திறக்க மாட்டே."

பழைய வேலைகளில் இருபதைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஜோடியோடும் மறுபடி எழுதிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை சிவப்புக் கோடு வந்தது, அதில் எத்தனை உண்மையான தவறு என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். சாமியார் முதல் நாளே கழன்றுகொண்டார். வாத்தியார் தொந்தரவில்லை, பிரயோஜனமும் இல்லை. முதல் வாரம் முடிவதற்குள், மாமியாரும் முந்திரிக்கொட்டையும் சேர்ந்த ஜோடியை மற்ற எதுவும் கிட்டே நெருங்க முடியவில்லை என்பது தெளிவாகிவிட்டது. மாமியார் குற்றம் சொல்லச் சொல்ல, முந்திரிக்கொட்டை அதற்கு உடனே மருந்து போட்டது. பாதி நேரத்தில் வேலை முடிந்தது. அறிக்கையின் முதல் பத்தியைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினோராவது வேலைக்கு வந்தாள். கிளிப் அனுப்பும் எண்ணை வாங்கித் திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். முதல் வரியைத் தட்டினாள். மாமியார் சிவப்புக் கோடு இழுத்தது: எண் வராமலே போகலாம், வராவிட்டால் என்ன செய்வாய்?

நியாயமான கேள்வி. அவள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் முந்திரிக்கொட்டை அடுத்த வரியை நீட்டியது. அவள் விரல் தன்பாட்டுக்குப் பொத்தானைத் தட்டியது. சிவப்புக் கோடு மறைந்து பச்சை டிக் விழுந்தது. அடுத்த வரிக்குப் போனாள். அதற்கும் அடுத்த வரிக்குப் போனாள். அங்கே கை நின்றுவிட்டது.

மேலே ஏறி அந்த வரியைப் படித்தாள். புது எண் வந்தால் அதை எடுத்துக்கொள். வராவிட்டால் pazhasu-வை எடுத்துக்கொள்.

பழசு.

உலகத்தில் எந்த நிரலாளர், எண்ணைப் போட்டுவைக்கும் ஒரு மாறிக்கு ஆங்கில எழுத்தில் பழசு என்று பெயர் வைப்பார்? அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்வதற்கும் முன்பு, வீட்டு மீன் தொட்டியின் வெப்பத்தைக் காட்ட அவளே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். தொட்டிக்குள் போன கம்பி அடிக்கடி லூசாகும். எண் வராமல் காட்சி மினுங்கும். அந்தத் தொல்லை தாங்காமல், எண் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டு என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டாள். நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொல்லி எழுதினார்கள். பிறகு அவள் அதை மறந்தே போனாள். இணையத்தில் கிடக்கும் அப்படிப்பட்ட நிரல்களைப் படித்துத்தான் முந்திரிக்கொட்டை வரி நீட்டக் கற்றிருந்தது.

மீனுக்கு அது போதும். தொட்டித் தண்ணீர் நிமிஷத்தில் சூடாகிவிடாது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அறையில் மற்றவர்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயில். பொதுவெளியில் கிடக்கும் நிரல்களில் அந்தப் பெயரைத் தேடினாள். நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தாள். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி. லிஃப்டில் எடை பார்க்கும் கருவி. ஒரு பாய்லரின் அழுத்தமானி. சுரங்கத்தில் விஷவாயு மோப்பம் பிடிக்கும் பெட்டி. எல்லாவற்றிலும் எண் வராவிட்டால் பழசு.

அதில் ஒருவர்கூட முட்டாள் இல்லை என்பதுதான் அவளைக் கலக்கியது. மாமியார் கேட்டிருக்கிறது, முந்திரிக்கொட்டை பதில் சொல்லியிருக்கிறது, பச்சை டிக் விழுந்திருக்கிறது. எழுதியவர் அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். சற்று முன் அவளே போகவில்லையா?

தங்கள் நிறுவனத்தின் நிரலில் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பெயரை மாற்றியிருந்தால்? பெயரை விட்டுவிட்டு வரியின் அமைப்பை வைத்துத் தேடினாள்.

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. நான்காம் மாடிக்காரர்களின் நிரலில், பெரிய திரை கிளிப்பிடமிருந்து எண் வாங்கும் இடத்தில். பழசு என்ற பெயர் போய், நிறுவனத்தின் விதிப்படி ஒழுங்கான ஆங்கிலப் பெயர் உட்கார்ந்திருந்தது. எழுதிய தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது. எழுதியவர் இடத்தில் அவள் கணவனின் பெயர். சரிபார்த்தவர் இடத்தில் அவள் பெயர்.

சோதனை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஆள் இல்லை. கிளிப்பைத் தன் ஆள்காட்டி விரலில் மாட்டித் திரையைப் போட்டாள். தொண்ணூற்றேழு. கிளிப்பைக் கழற்றினாள். திரை உடனே அலறியது. இது சரியாகத்தான் இருக்கிறது, விரல் விலகினால் கிளிப்பே அதைச் சொல்லிவிடுகிறது. மறுபடி மாட்டினாள். தொண்ணூற்றேழு. இந்த முறை கிளிப்பின் பின்மூடியைத் திறந்து, காசு போன்ற அந்தச் சின்ன பேட்டரியை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தாள்.

தொண்ணூற்றேழு.

செத்துப்போன கிளிப்பை விரலிலிருந்து உருவி மேசைமேல் வைத்தாள். தொண்ணூற்றேழு. எழுந்து கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். பச்சை எழுத்தில், அமைதியாக, தொண்ணூற்றேழு. கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு இருபது நிமிஷம் கழித்து வந்தாள். யாருமில்லாத அறையில், யாருடைய விரலும் இல்லாத கிளிப்புக்கு, திரை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் மாடியில் புகார்ப் பிரிவு. அங்கே இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. எண் அசையாம நின்னுடுச்சுன்னு ஏதாவது புகார் வந்திருக்கா? போன ஒரு வருஷத்துல?"

"ஒண்ணு வந்துச்சு. ஆனா அது முடிஞ்சுபோன கேஸாச்சே."

முடிந்துபோன கேஸ் நான்கு பக்கம் இருந்தது. ஒன்பதாம் படுக்கை, அறுபத்திரண்டு வயது ஆள், அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐம்பது நிமிஷம் திரையில் தொண்ணூற்றேழு. அப்பாவைப் பார்க்க வந்த மகள் கையைத் தொட்டபோது கை சில்லென்று இருந்தது. நிறுவனத்திலிருந்து பொறியாளர் போய்ப் பார்த்திருக்கிறார். கிளிப்பை இருபது தடவை விரலிலிருந்து கழற்றியிருக்கிறார், இருபது தடவையும் திரை அலறியிருக்கிறது. கருவியில் குறையில்லை என்று எழுதியிருந்தார். பணியில் இருந்த நர்ஸின் கவனக்குறைவு என்று மருத்துவமனை எழுதியிருந்தது. அந்த நர்ஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி. அதை அவள் மூன்று தடவை படித்தாள். 'கிளிப்பில் புது பேட்டரி போட்டுச் சோதனை செய்யப்பட்டது.'

கணவன் ஜன்னலோரம் காத்திருந்தான். டப்பாவைத் திறக்கவில்லை. "எங்க போயிட்ட? போன் அடிச்சா எடுக்கல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவன் புரியாமல் பார்த்தான். பிறகு கையிலிருந்த டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்தான்.

"அந்த வரி ஞாபகம் இருக்கு," என்றான். "அந்த டூல நான் அப்பவே என் மெஷின்ல வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. பழசுன்னு பார்த்ததும் சிரிச்சேன். எவனோ நம்ம ஆளு எழுதியிருக்கான்னு நினைச்சு, பேர மட்டும் மாத்தினேன்."

"நம்ம ஆளுதான். நான்தான் எழுதினேன்."

அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். கீழே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு கார் பின்னால் வந்துகொண்டே இருந்தது. அது சரியாக நிற்கும் வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வெர்ஷன் பத்து நாள்ல போகுது," என்றான் மெல்ல. "சத்தமில்லாம சரி பண்ணி அனுப்பிடுறேன். ஒரே வரிதானே. யாருக்கும் எதுவும் ஆகாது."

"அந்தப் பத்து நாள்ல?"

அவன் டப்பாவை ஓரமாகத் தள்ளினான்.

"அந்த நர்ஸு?"

"நான் வேணும்னேவா பண்ணினேன்? நீயும்தானே பார்த்து ஓகே சொன்ன!"

"ஆமா. அதையும்தான் எழுதப்போறேன்."

அவன் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு மேலே போனான். அன்று வீட்டிலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் கிளம்பிப் போயிருந்தான். போய் ஏதாவது அழித்துவிடுவானோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் முந்தின நாள் அந்த வரிக்கும் புகாருக்கும் எடுத்த பிரதி பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அன்று மதியம் அவள் கொடுத்த அறிக்கையை மேனேஜர் நின்றபடியே புரட்டினார். புரட்டப் புரட்ட உட்கார்ந்தார்.

"எந்த டூல் நல்லா இருக்குன்னுதானே கேட்டேன்? இதெல்லாம் எதுக்கும்மா இதுல?"

"ரெண்டு டூலும் நல்லாத்தான் இருக்கு சார். ஒண்ணு சரியான கேள்வி கேக்குது. இன்னொண்ணு அந்தக் கேள்விய வாயடைக்கிற மாதிரி ஒரு பதில் தருது. பதில் சரியான்னு பார்க்க வேண்டியது நாம. நான் பார்க்கல."

"இத வச்சுட்டுப் போ. மேல பேசிட்டுச் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"தரப் பிரிவுக்கும், நமக்கு அனுமதி குடுக்கிற அரசு ஆபீசுக்கும் காலையிலேயே அனுப்பிட்டேன் சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "உன் வீட்டுக்காரர் பேரும் இருக்கேம்மா இதுல," என்றார்.

"ஆமா சார். அதுக்கு நேர் கீழே என் பேரும் இருக்கு."

அறிக்கை போன ஆறாம் நாள், எல்லாத் திரைகளையும் நிறுத்தச் சொல்லி அரசு ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. எண்ணூற்று அறுபது திரைகள் வெளியே இருந்தன. எண்ணூற்று இருபத்தொன்பதை மீட்டுச் சரிசெய்தார்கள். மிச்சம் முப்பத்தொன்று எங்கே என்று தெரியவில்லை. மூடிய மருத்துவமனைகளில் கிடப்பவை, விற்றுக் கைமாறியவை, கணக்கில் இருந்தும் கண்ணில் படாதவை. எங்கோ ஏதோ வார்டில் அவை இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கணவனைக் குழுவிலிருந்து விலக்கி விசாரணைக்கு உட்படுத்தினார்கள். அவளிடமிருந்து சரிபார்க்கும் வேலையைப் பறித்துக் கையேடு எழுதும் பிரிவில் போட்டார்கள். பூதக்கண்ணாடி என்று பிறகு யாரும் கூப்பிடவில்லை.

மீன்தொட்டி நிரலை அவள் திருத்தி, மேலே எச்சரிக்கை எழுதிவைத்தாள். முந்திரிக்கொட்டையைச் செய்பவர்களுக்கு எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது: அடுத்த முறை கற்றுக்கொடுக்கும்போது அந்த வரியை விலக்குகிறோம், ஏற்கெனவே கற்றதிலிருந்து ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது, பயன்படுத்துகிறவர்கள் தங்கள் கணினியில் இறக்கி வைத்திருப்பதை நாங்கள் திரும்ப வாங்கவும் முடியாது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதினாள். ஐம்பத்தேழு பேர் பதில் போட்டார்கள். பாய்லர்க்காரர் எழுதியிருந்தார்: 'மூன்று வருஷமாக எங்கள் அழுத்தமானியில் ஒரு தொந்தரவும் இல்லை. எண் ஆடாமல் நிற்கிறது. உங்கள் அக்கறைக்கு நன்றி.' அதைப் படித்துவிட்டு அவள் இரண்டாவது கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

கணவன் மூன்று வாரம் வரைக்கும் தேவைக்குத்தான் பேசினான். விசாரணையில் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. விசாரணை தொடங்கும் முன்பே, யாரும் கேட்காமலே, அந்தக் கருவியைச் சொந்தமாக வைத்திருந்ததை எழுதிக் கொடுத்திருந்தான். சண்டைக்கு மறுநாள் காலையில் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியது அதற்காகத்தான்.

நர்ஸின் முகவரியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அந்தப் பெண் இப்போது பார்சல் கட்டும் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தாள். இடைவேளையில் கிடங்குக்கு வெளியே சிமென்ட் மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். நர்ஸின் கைகளில் ஒட்டுநாடா கிழித்த சின்னச் சின்னக் கீறல்கள்.

"லெட்டர் வந்துச்சு," என்றாள் நர்ஸ். "என்மேல தப்பில்லையாம். திரும்ப வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"போவீங்களா?"

"இல்ல." விரலில் ஒட்டியிருந்த நாடாத் துண்டை உரித்துப் போட்டாள். "அன்னிக்கு நான் அந்தத் திரைய பதினஞ்சு தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் தொண்ணூத்தேழு. ஒரு மனுஷனுக்கு எண் இப்படி அசையாம நிக்குமான்னு உள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நல்லாத்தானே காட்டுதுன்னு அடுத்த படுக்கைக்குப் போயிட்டேன். எழுந்து பத்து அடி நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அத எந்த லெட்டரும் மாத்தாதுங்க."

அவள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அந்த வார்த்தை வாயில் கூழாங்கல் மாதிரி கிடந்தது.

"ஒண்ணு பண்ணுவீங்களா?" என்றாள் நர்ஸ். "அவரோட பொண்ணு இருக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல என் கையப் பிடிச்சு, எங்கப்பாவ ஒரு தடவ வந்து பார்த்திருக்கக் கூடாதான்னு கேட்டா. தப்பு மெஷின்லன்னு யாரும் அவகிட்ட இன்னும் சொல்லல. நீங்க போய்ச் சொல்லுங்க."

நிறுவனத்தின் வக்கீல் கண்டிப்பாகக் கூடாது என்றார். குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது, எழுத்தில் எதுவும் கொடுக்கக்கூடாது, மீறினால் வேலை போகும். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பை மாட்டும்போது கணவன் உள்ளேயிருந்து வந்து நின்றான். சட்டை மாற்றியிருந்தான்.

"எங்கேன்னு தெரியும்," என்றான். "பொத்தானத் தட்டினது நான். நானும் வரேன்."

"வேலை போயிடும்னு சொன்னாங்க. ரெண்டு பேருக்கும்."

"வண்டிச் சாவி உன்கிட்டயா என்கிட்டயா?"

அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் வேலை செய்தது. ஆனாலும் இருவரும் படியேறினார்கள். நான்காவது மாடியில் மணியடித்ததும் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தாள். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது. யார் நீங்கள் என்று கேட்டாள். அவள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கை கதவு விளிம்பை இறுகப் பிடித்தது.

"மெஷின்ல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே," என்றாள்.

"இருந்துதும்மா," என்றான் கணவன். "அதச் சொல்லத்தான் வந்தோம்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிடுவாள் என்றே அவள் நினைத்தாள். பிறகு அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டு, நாற்காலிமேல் கிடந்த துணிகளை அள்ளி எடுத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."